ஆவுடை ஸ்டுடியோவின் முதல் படங்கள்

செத்துப்போனவர்கள் ஆலங்குளம் ஆவுடை ஸ்டுடியோவுக்கு வந்து உட்கார ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, இசக்கியப்பன் அண்ணாச்சி ஷட்டரைத் தூக்கி, வாசலில் தண்ணீர் தெளித்து, ஊதுபத்தி கொளுத்திக் கம்ப்யூட்டரைப் போட்ட பிறகு. அதற்கு முன் அவர்கள் வந்ததில்லை, அதற்குப் பின் ஒரு வருடம் கடை திறந்த எந்த நாளும் தவறியதில்லை, சாயங்காலம் ஷட்டர் இறங்கும்போது ஒருவர்கூட மிச்சம் இருந்ததுமில்லை. பக்கத்துக் கடை என்னுடையது, ஜெராக்ஸ் கடை. ஸ்டேப்ளர் பின் கேட்கப் போனவன், சுவரோர பெஞ்சில் மாவு மில் சாமுவேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "எப்ப வந்தீக?" என்று கேட்டுவிட்டேன். அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாயிற்று என்பது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. பின்னை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வேறென்ன செய்ய? கடையில் ஆள் நின்றது.

வந்தவர்கள் யார் என்பதைக் கண்டுபிடிக்க ஊருக்கு அரை நாள்கூட ஆகவில்லை. அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்யாணமோ, சடங்கோ, கடைத் திறப்போ, எந்த விசேஷத்துக்குப் போனாலும் மணமக்களை எடுப்பதற்கு முன், மேடையை எடுப்பதற்கு முன், குத்துவிளக்கைக்கூட எடுப்பதற்கு முன், அந்த இடத்தில் இருப்பவர்களிலேயே வயதில் மூத்தவரைத் தனியாக ஒரு நாற்காலியில் உட்காரவைத்து ஒரே ஒரு படம் எடுப்பார். அது ஆல்பத்தில் சேராது. யாருக்கும் பிரிண்ட் போட்டுக் கொடுக்கவும் மாட்டார். பலசரக்குச் சீட்டு எழுதினாலும் மேலே பிள்ளையார் சுழி போட்டுத்தானே எழுதுகிறோம், அது மாதிரி இது வேலைக்குப் போடும் சுழி என்பார். விஜயதசமிக்கு விஜயதசமி புது ஹார்டு டிஸ்க் வாங்கிப் பொட்டு வைத்து, அதில் முதல் ஃபோல்டருக்கு வெறும் 'உ' என்று மட்டும் பெயர் வைத்து, அந்த வருடத்து முதல் படங்களையெல்லாம் அதில் போடுவார். அப்போது பத்து டிஸ்க், பத்து 'உ'. அந்தப் படங்களில் இருந்தவர்களில் யாரெல்லாம் காலமாகிவிட்டார்களோ அவர்கள்தான் வந்தார்கள்.

வந்தவர்கள் பேசவும் செய்தார்கள், ஆனால் ஆளுக்கு ஒரே ஒரு வாக்கியம். படம் எடுத்த அந்த நொடியில் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்களோ அது மட்டும். "கண்ணாடியைக் கழத்தணுமா தம்பி?" என்பார் சாமுவேல். பீடிக்கடை வெள்ளத்தாயி, "பல்லு தெரியக் கூடாதுல்லா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள். ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர் வெகு கம்பீரமாக நிமிர்ந்து, "ஒண்ணுக்கு எங்க போணும்?" என்பார், பாவம். நாங்கள் என்ன கேட்டாலும் பதில் அதுதான்.

எங்கள் ஊர் எதற்கும் அசந்துவிடுகிற ஊர் இல்லை. முதல் வாரம் கூட்டம் கூடியது, இரண்டாம் வாரம் பந்தல்காரர் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார், மூன்றாம் வாரம் பேரூராட்சியிலிருந்து ஆள் வந்து இத்தனை பேர் உட்கார அனுமதி இருக்கிறதா என்று விசாரித்து, கடைசியில் அவருடைய பெரியப்பாவே மூன்றாவது நாற்காலியில் இருப்பதைப் பார்த்து, 'வாடிக்கையாளர்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சொந்தக்காரர்கள் காலையில் காப்பி வாங்கி வந்து கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்காருவார்கள், ஆறினதும் தாங்களே குடித்துவிட்டுப் போவார்கள். வெள்ளத்தாயியின் இரண்டு மகன்களும் கிணறு யாருக்கு என்று அவளிடமே கேட்டுப் பார்த்தார்கள். பல்லு தெரியக் கூடாதுல்லா என்றாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள், அதோடு அந்த வழக்கு போயிற்று. புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலுக்குப் போகிற வழியில் ஸ்டுடியோவில் ஏறிக் கும்பிட்டுவிட்டுப் போவது வழக்கமாயிற்று. பஸ் கண்டக்டர்கள் எங்கள் நிறுத்தத்தை 'பெரியவங்க ஸ்டாப்' என்றார்கள்.

இத்தனை பேரில் ஒருத்தி மட்டும் பெஞ்சிலோ நாற்காலியிலோ உட்காரவில்லை. கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மர ஸ்டூல் உண்டு. அதில் அரக்குச் சேலையில், இடுப்பில் கரண்டியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஆவுடை. அண்ணாச்சியின் மனைவி. ஸ்டுடியோவுக்குப் பேரே அவள் பேர்தான். கடை திறந்த அன்றைக்கு அங்கே மூத்தவர் யாரும் வந்து சேராததால், அண்ணாச்சியைவிட மூன்று மாதம் மூத்தவள் என்று கேலி பண்ணி, பால் காய்ச்சிக்கொண்டிருந்த அவளையே உட்காரவைத்து எடுத்த படம் அது; முதல் டிஸ்க்கில் முதல் 'உ'வில் முதல் படம். நாலாவது வருடம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். இப்போது தினமும் வந்து, ஒரு கண் கேமராவிலும் ஒரு கண் அடுப்பிலுமாக, "சீக்கிரம் எடுங்க, பாலு பொங்கிரப் போவுது" என்றாள். அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் "எடுத்துட்டேன், எடுத்துட்டேன்" என்பார். வீட்டில் மாலை போட்ட படம் பெரிதாக மாட்டியிருக்கிறது, அது பேசாது. இந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்தார்.

ஒரு வருடம் இப்படிப் போயிற்று. பிறகு முதல் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் ஆவுடை, "சீக்கிரம் எடுங்க, பாலு" என்று சொல்லி அப்படியே நின்றுவிட்டாள். வாய் திறந்தபடி, கண் இமைக்காமல், கால் மணி நேரம். அண்ணாச்சி அவள் எதிரே மண்டி போட்டு, "சொல்லு ஆவுடை, பாலு என்ன, சொல்லு" என்று கெஞ்சிக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் ஒரு உலுக்கலோடு "பொங்கிரப் போவுது" என்றாள். அவர் எழுந்து சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் பண்ணுகிறவள் ஜெசிந்தா. கெட்டிக்காரி, பேச்சு குறைவு. அவள் அன்றைக்கே ஒரு புது டிஸ்க் வாங்கி, 'உ'க்களையெல்லாம் தனித்தனியாக ஒரு பிரதி எடுத்து வைத்தாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் மறுநாள் காலையில் எல்லோரும் இரண்டிரண்டு பேராக வந்துவிட்டார்கள். இரண்டு வெள்ளத்தாயி, இரண்டு தாசில்தார், ஸ்டூலுக்குப் பக்கத்தில் நிற்க இடமில்லாமல் இன்னொரு ஆவுடை. சாமுவேலின் மனைவி எஸ்தர் அக்கா காப்பியோடு உள்ளே வந்து, இரண்டு சாமுவேலும் ஒரே குரலில் கண்ணாடியைக் கழத்தணுமா என்று கேட்டதும், தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடிவந்து என் கடைப் படியில் உட்கார்ந்து அழுதாள். "எவரைப் பாக்கது நான்? ஒருத்தரைப் பாத்தா இன்னொருத்தர் மூஞ்சி வாடுதே" என்றாள். ஜெசிந்தா அந்தப் பிரதியை அன்று மத்தியானமே அழித்தாள்.

அப்போதுதான் ஊர்க்காரர்கள் கூடிப் பேசினோம். டிஸ்க் சாகப்போகிறது, பிரதி ஆகாது, அப்படியானால் கிளவுடில் ஏற்றிவிடுவதுதான் வழி என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்னார். அங்கே டிஸ்க் தேயாது, டிக் டிக்கென்று அடிக்காது, ஸ்டுடியோ எரிந்தாலும் ஆட்களுக்கு ஒன்றும் ஆகாது. எந்தக் கம்பெனியில் ஏற்றுவது என்பதுதான் கேள்வியாயிற்று. வியாபாரத்துக்கு எடுக்கிற சேவை, விசாரித்துத்தான் எடுக்கவேண்டும் என்று அண்ணாச்சி மூன்று கம்பெனிக்குப் போன் போட்டார். மூன்று பேரும் ஒரே வெள்ளிக்கிழமையில் திருநெல்வேலியிலிருந்து வந்து, நாற்பது பெரியவர்களுக்கு நடுவே நின்று விளக்கம் சொன்னார்கள்.

முதல் ஆள் டை கட்டியிருந்தார். "உங்க டேட்டாவை மூணு நாட்டுல மூணு காப்பி வெச்சிருப்போம் சார், ஒண்ணு போனாலும் ரெண்டு இருக்கும்" என்றார். எஸ்தர் அக்கா எழுந்து, "மூணு நாட்டுலயுமா? அங்க எந்த பெஞ்சில உக்காருவாரு? யாரு காப்பி கொடுப்பா?" என்று கேட்டாள். அவரை அனுப்பிவிட்டோம். இதில் எனக்கும் பங்கு உண்டு. பிரதி எடுத்தே வயிறு வளர்க்கிறவன் நான். பிரதி வேண்டாம் என்று முதலில் கை தூக்கியதும் நான்தான்.

இரண்டாவது ஆள் சின்ன வயசு, பொறுமையாகச் சொன்னான். "ஒரே பேர்ல ரெண்டு ஃபோல்டர் வந்தா எங்க சிஸ்டம் தானா நம்பர் போட்டுக்கிடும் அண்ணாச்சி. 'உ' ஒண்ணு, 'உ' ரெண்டு, 'உ' மூணு, அப்படி. எதுவும் அழியாது." எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் அண்ணாச்சியின் முகம் சுருங்கிவிட்டது.

"பிள்ளையார் சுழிக்கு நம்பரா?" என்றார். "ரெண்டாவது பிள்ளையாரு, மூணாவது பிள்ளையாருன்னு எங்கயாவது உண்டுமா? முதல்ல போடதுக்குப் பேர்தான் சுழி. நம்பர் போட்டா அது சாதா ஃபைலு. வேண்டாம் தம்பி."

மூன்றாவது ஆள் அவசரக்காரர், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். "எங்ககிட்ட ஒரு பேருக்கு ஒண்ணுதான் சார் இருக்கும். டிஸ்க்ல இருந்து எடுத்து மேல வெச்சிரும், டிஸ்க்ல இருக்கது காலியாயிரும். டபுள் ஆகவே ஆகாது." இரண்டு பேராக வர மாட்டார்கள். நம்பர் கிடையாது. எங்களுக்கு வேண்டியதெல்லாம் இதுதான் என்று எங்களுக்குத் தோன்றியது. நாற்காலியில் இருந்த தாசில்தார் மட்டும் ஒண்ணுக்கு எங்க போணும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போனபின் ஜெசிந்தா அண்ணாச்சியிடம் சொன்னாள். நான் அங்கேதான் இருந்தேன்.

"பதினோரு டிஸ்க்கிலயும் 'உ' இருக்கு அண்ணாச்சி. ஒரு பேருக்கு ஒண்ணுன்னா மத்தது என்னாகும்னு கேக்கலியே நாம."

"சேந்துக்கிடும். பிள்ளையாரு ஒருத்தர்தான?"

"எதுக்கும் வேற பேர்ல வெச்சிருவோம் அண்ணாச்சி. வருசத்தை மட்டும் போட்டு. ஒரு மணி நேர வேலை."

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. அவளுடைய கல்யாணத்துக்கு ஒரு பைசா வாங்காமல் படம் எடுத்தவர், அவள் மாமியாரைத் தேவாலய வாசலில் உட்காரவைத்து முதல் படமும் எடுத்தவர். ஆனால் அன்றைக்கு, ஆவுடை மறுபடியும் பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்திலேயே ஒரு மாதம் தூங்காதவர், இதைச் சொன்னார்: "சுழியைப் பத்தி உனக்கு என்ன பிள்ள தெரியும்? உங்க கோயில்லயா போடுதாவ?"

ஜெசிந்தா பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நானாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்வது சரி என்று எனக்கு உள்ளே தெரிந்தது, தெரிந்தும் அண்ணாச்சியைச் சங்கடப்படுத்த வேண்டாமே என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அண்ணாச்சி ஷட்டரை இறக்கிவைத்து மூன்று நாள் ஏற்றினார், முதல் டிஸ்க்கிலிருந்து வரிசையாக. இதுவரை எடுத்த எல்லாக் கல்யாணமும், எல்லாச் சடங்கும், எல்லாக் காதுகுத்தும் மேலே போயின. இரண்டாவதிலிருந்து ஒவ்வொரு டிஸ்க்கும் ஏறும்போது ஒரு கட்டம் வந்து ஏதோ கேட்டது, அவர் டிக் போட்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் பதினோரு வெறும் டிஸ்க் மேஜையில் இருந்தது. என்னதான் காலி என்றாலும் சுழி இருந்த டிஸ்க்; குப்பையில் போடக் கூடாது, பழைய இரும்புக்குப் போடவும் மனசு வராது. பிள்ளையாரைக் கரைப்பது மாதிரி குளத்தில் விட்டுவிடுவோம் என்று முடிவாயிற்று. பதினோரு தாம்பாளத்தில் பதினோரு டிஸ்க், ஒவ்வொன்றிலும் பூவும் அறுகம்புல்லும் வைத்து, மேளத்தோடு ஊரே போனோம். ஏழாவது தாம்பாளம் என் கையில். இடுப்பளவு தண்ணீரில் நின்று அண்ணாச்சி ஒவ்வொன்றாக விட்டார், ஒவ்வொன்றும் போய்வருகிறேன் என்று சொல்வது போல இரண்டு குமிழி விட்டு முங்கிற்று. நாங்கள் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டே திரும்பினோம்.

மறுநாள் ஒன்பதே முக்காலுக்கு ஷட்டர் ஏறியது. தண்ணீர் தெளித்தார், ஊதுபத்தி கொளுத்தினார், கம்ப்யூட்டரைப் போட்டார். வாசலில் எஸ்தர் அக்கா காப்பியோடு நின்றாள், வெள்ளத்தாயியின் மகன்கள் நின்றார்கள், நானும் நின்றேன். நாற்பது நாற்காலியும் காலியாக இருந்தன. கடைசி பெஞ்சின் ஓரத்தில் மட்டும் காக்கிச் சட்டை போட்ட ஒருவர், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தவசிக்கண்ணு. தென்காசி ரோட்டில் துபாய்க்காரர் ஒருவர் கட்டிய புது வீட்டுக்கு வாட்ச்மேன். போன விஜயதசமி கழிந்து பதினோராவது டிஸ்க்கில் எடுத்த முதல் விசேஷம் அந்த வீட்டுப் பால்காய்ப்புதான். வீட்டுக்காரருக்கு அப்பா அம்மா இல்லை, வந்தவர்களெல்லாம் இளவட்டம், அங்கே இருந்தவர்களில் வயதில் மூத்தவர் வாசலில் நின்ற வாட்ச்மேன் என்று அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார் அண்ணாச்சி. அடுத்த வாரமே அவர் நெஞ்சு வலியில் போய்விட்டார். எந்த ஊர்க்காரர், யாரைச் சேர்ந்தவர் என்று யாருக்கும் தெரியாது. இத்தனை நாளும் அந்த பெஞ்சு ஓரத்தில் இருந்தவரை ஒருவரும் பார்க்க வந்ததில்லை. பதினோராவது 'உ'வில் இருந்தவர்களில் காலமாகிவிட்டவர் அவர் ஒருவர்தான். ஒன்று மேல் ஒன்றாக ஏறி, முந்தைய பத்தையும் அழித்துவிட்டு நின்றது அந்த 'உ'.

எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்து அவர், "நானா? என்னையவா எடுக்கீக?" என்று கேட்டார்.

அண்ணாச்சி கம்பெனிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஒரு பெண் மரியாதையாகவே பேசியது. ஒரே பேரில் வந்தால் புதியதுதான் இருக்கும், பழையதை மாற்றலாமா என்று பத்து தடவை கேட்டிருக்கிறோம், பத்து தடவையும் சரி என்று டிக் போட்டிருக்கிறீர்கள் சார் என்றது. கல்யாணங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. குளத்தில் ஆள் இறக்கித் தேடினோம். ஆறு டிஸ்க் கிடைத்தது, உள்ளே சேறு. அழிந்ததை மீட்டுத் தருகிற கடை தேடி மதுரைக்கு எடுத்துப்போன அண்ணாச்சி மறுநாளே வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

ஊர் அண்ணாச்சியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். எல்லோரும்தானே கை தூக்கினோம், தாம்பாளம் தூக்கினோம். எஸ்தர் அக்கா ஒரு வாரம் வரவில்லை. எட்டாம் நாள் காப்பியோடு வந்து, சாமுவேல் உட்காரும் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தவசிக்கண்ணு எதிரே உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். கண்டக்டர்கள் இப்போதும் பெரியவங்க ஸ்டாப் என்றுதான் சொல்கிறார்கள், புதுப் பெண்களும் மாப்பிள்ளைகளும் அவரைத்தான் கும்பிடுகிறார்கள், அவர் ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்து என்னையவா என்கிறார். உயிரோடு இருந்த நாளில் அவரை ஒருவரும் இப்படிச் சுற்றி உட்கார்ந்ததில்லை. அந்த ஒரு நல்லது நடந்தது என்று சொல்லிக்கொள்கிறோம், சொல்லிக்கொள்ளாவிட்டால் தாங்காது.

அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதை விட்டார். ஸ்டூலை அதே இடத்தில் வைத்து, யாரும் உட்காரக் கூடாது என்று மேலே ஒரு துண்டைப் போட்டிருந்தார். காலையில் அடுப்பில் பால் வைத்துவிட்டு அது பொங்கி வழிந்து அணைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றதாக அவர் வீட்டுப் பக்கத்தில் சொன்னார்கள். ஒரு நாள் ஜெசிந்தாவிடம், "அன்னைக்கு நான் பேசினது தப்பு பிள்ள" என்றார். அவள், "விடுங்க அண்ணாச்சி" என்று சொல்லி வேலையைப் பார்த்தாள். அவள்தான் ஊரில் உயிரோடிருக்கும் பெரியவர்கள் எல்லோரையும் மறுபடி கூப்பிட்டு முதல் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆளின் பெயரும் வருடமும் போட்டு வைத்தவள். போனவர்களை என்ன செய்ய முடியும்?

இரண்டு வருடம் கழித்து, பங்குனியில், அண்ணாச்சி வெள்ளைச் சட்டை போட்டு, பொட்டு வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். "ஜெராக்ஸ்காரரே, வாங்க. எனக்கு முதல் படம் எடுக்கப் போறோம்" என்றார். ஒரு சீட்டில் என்ன சொல்லவேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். எனக்குப் படித்துக் காட்டினார். ஊரார் எல்லோரும் என்னை மன்னிக்கணும், ஆவுடை நீயும் மன்னிக்கணும் என்று இருந்தது. நாளைக்கு வருகிறவர்கள் காலம் முழுக்கக் கேட்கப்போகிற வாக்கியம், யோசித்துத்தான் எழுதினேன் என்றார்.

ஸ்டூலின் மேலிருந்த துண்டை எடுத்துவிட்டு அதில் உட்கார்ந்தார். ஜெசிந்தா கேமராவைக் கண்ணில் வைத்தாள். சீட்டைப் பார்த்தார், மடித்துப் பையில் வைத்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார். அவள் விரல் அழுத்துகிற அந்த நேரம் பார்த்து அவர் பதறிப்போய்க் கையை நீட்டி, "ஏ பிள்ள, வேற பேர்ல வையி" என்றார்.

சித்திரை பிறந்து பத்து நாளில் போய்விட்டார். ஸ்டுடியோவை இப்போது ஜெசிந்தா நடத்துகிறாள். ஒன்பதே முக்காலுக்கு ஷட்டரைத் தூக்கி, தண்ணீர் தெளித்து, அவர் விட்டுப்போன பாக்கெட்டிலிருந்தே ஊதுபத்தி எடுத்துக் கொளுத்துகிறாள். பெஞ்சில் தவசிக்கண்ணு என்னையவா என்கிறார். ஸ்டூலில் அண்ணாச்சி, ஆவுடை உட்கார்ந்த இடத்தில், ஒரு கையை நீட்டியபடி, "ஏ பிள்ள, வேற பேர்ல வையி" என்கிறார்.

"வெச்சிட்டேன் அண்ணாச்சி" என்று ஜெசிந்தா ஒவ்வொரு தடவையும் சொல்கிறாள். அவருக்கு அது கேட்பதில்லை. படம் எடுத்த அந்த நொடியில் அவள் பதில் சொல்லியிருக்கவில்லை.